எந்த ஊரு என்று கேட்கக் கூடாத ஊர்

நம் பென்ஷன்காரர்கள் மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று என்னைக் கேட்டது டிக்கெட் புக்கிங்கில் இருக்கும் ஒரு பெண். அவளுக்கு மெட்ராஸ் மாற்றல் வரும் போலிருக்கிறது. போகலாமா வேண்டாமா என்று அவள் வீட்டில் பெரிய பேச்சு. "நீங்க ரெண்டு ஊர்லயும் வேல பாத்தவங்க. குடியிருக்க எது நல்ல ஊருன்னு நீங்களே எழுதிக் குடுத்துடுங்கம்மா" என்றாள். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் எழுத வரும். ஒரு பக்கம் எழுத ஒரு பகல் போய்விடும். போகட்டும். எனக்கு இப்போது பிடிக்க வேண்டிய வண்டி ஒன்றும் இல்லை.

நான் பச்சையம்மாள். திண்டிவனத்துக்குப் பக்கத்தில் பிறந்து விழுப்புரத்தில் வாழ்க்கைப்பட்டவள். என் வீட்டுக்காரர் ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கும் வேலையில் இருந்தார். அவர் காய்ச்சலில் போனபோது என் மகள் கௌரி இடுப்பில் இருந்தாள். விழுப்புரம் ஜங்ஷனில் பெண்கள் வெயிட்டிங் ரூமில் ஆயா வேலை கொடுத்தார்கள். அது நிரந்தர வேலை இல்லை. யாராவது லீவு போட்டால் அந்த இடத்தில் நான். எனக்கு முன்னால் இருந்த ஆயா பினாயில் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு, எந்த வகுப்பு டிக்கெட் எந்த நிறம் என்று சொல்லிக் கொடுத்தார். மீதியை நானே கற்றுக்கொண்டேன். நன்றாகவே கற்றுக்கொண்டேன்.

விழுப்புரம் என்பது வண்டி மாறுகிறவர்களின் ஊர். மெட்ராஸுக்கு ஒரு வழி, திருச்சிக்கு ஒரு வழி, பாண்டிக்கு ஒரு வழி, காட்பாடிக்கு ஒரு வழி. ஒன்றிலிருந்து இறங்கி இன்னொன்றுக்காக உட்கார்ந்திருக்கும் பெண்கள்தான் என் அறையில் முக்கால்வாசி. விடிந்ததும் பானைகளில் தண்ணீர் நிரப்புவேன். பிறகு தரையைக் கழுவுவேன். தரை காயும் வரை கலெக்டர் சம்சாரமே வந்தாலும் வெளியேதான் நிற்க வேண்டும். அப்புறம் வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்காருவேன். உள்ளே போகிறவள் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும்.

டிக்கெட்டைக் கேட்பதற்கு முன்னால் நான் ஊரைத்தான் கேட்பேன். "எந்த ஊரும்மா?" அந்த ஒரு கேள்விதான் எனக்குத் தொழில். செஞ்சிப் பக்கம் என்றால், ரயிலுக்காக உட்கார வேண்டாம், பஸ்தான் சீக்கிரம் என்று சொல்லி அனுப்புவேன். அமாவாசைக்கு மேல்மலையனூர் போய்விட்டு வருகிறவர்கள் என்றால், ராத்திரி முழுக்கக் கண் மூடாமல் வந்திருப்பார்கள். அவர்களைச் சுவரோரம் படுக்க வைத்து, வண்டி வரும்போது நான் எழுப்புவேன். பாண்டிக்குப் போகும் புதுப்பெண் என்றால் எந்தப் பெட்டியைக் கழற்றிப் பாண்டி வண்டியில் மாட்டுவார்கள் என்று கையைக் காட்டுவேன். கிளியனூர் என்று சொல்லிவிட்டால் கேட்கவே வேண்டாம். "கிளியனூரா? எங்க நாத்தனார அங்கதானே குடுத்துக்குது" என்று ஆரம்பித்தால் அவள் வண்டி வரும் வரை பேச்சு ஓடும்.

எங்கள் ஸ்டேஷன் மாஸ்டர் ஒரு நாளும் பெண்கள் அறைக்குள் எட்டிப் பார்த்ததில்லை. வெளியே நின்று இருமுவார். நான் எழுந்து போவேன். "உள்ள முடியாதவங்க யாராவது இருக்காங்களா?" என்று மட்டும் கேட்பார். இருக்கிறார்கள் என்றால் வண்டியை அந்த அறைக்கு நேராக நிறுத்தச் சொல்வார். அவ்வளவு சின்ன ஊர், அவ்வளவு பெரிய ஸ்டேஷன். அதுதான் விழுப்புரத்தின் வசதி.

அறுபதுகளின் நடுவில் ஒரு சேதி வந்தது. மெட்ராஸ் எழும்பூரில் ஆயா இடம் காலி. ஆறு மாதம் சோதனையாக வேலை பார்க்க வேண்டும். மேலே இருப்பவர் சரி என்று எழுதினால் நிரந்தரம். நிரந்தரம் என்றால் கௌரியின் படிப்பு, கல்யாணம், என் கடைசிக் காலக் கஞ்சி எல்லாம் அதில் அடங்கிவிடும். பெட்டியைக் கட்டினேன்.

மெட்ராஸைக் குறை சொல்லியே எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் அப்படி எழுத மாட்டேன். விளக்கு அணையாத தெரு அங்கேதான் பார்த்தேன். எந்த வியாதிக்கும் டாக்டர் உண்டு. விழுப்புரத்தில் நான் ஒரு கலர்ப் புடவை கட்டினால் தெருமுனை வரை பேச்சு போகும். மெட்ராஸில் பச்சைப் புடவை கட்டிக்கொண்டு மகளைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போனேன். ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தக் காற்று நன்றாக இருந்தது. இதையும் எழுதத்தான் வேண்டும்.

ஆனால் குடியிருந்த இடம் ஏழு குடித்தனத்துக்கு ஒரு குழாய். தண்ணீர் வரும் நேரத்தில் அங்கே நடப்பது சண்டை இல்லை, யுத்தம். நான் வேலைக்குப் போயிருந்த ஒரு நாள் கௌரிக்குக் காய்ச்சல் வந்து பகல் முழுவதும் சுருண்டு கிடந்திருக்கிறாள். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாவிடம் மறுநாள் சொன்னேன். "அப்படியா, சத்தமே கேக்கலியே" என்றார். நல்ல மனுஷிதான். நிஜமாகவே சத்தம் கேட்டிருக்காது. விழுப்புரத்தில் இதே பிள்ளை ஒரு வேளை தெருவில் தென்படவில்லை என்றால் நாலு பேர் கதவைத் தட்டுவார்கள்.

எழும்பூரில் எங்களுக்கு மேலே இருந்தவர் எஸ்தர் அம்மா. வெள்ளைப் புடவை, மார்பில் பின் குத்தித் தொங்கும் கடிகாரம். ஜன்னல் விளிம்பில் ஒரு விரலால் இழுப்பார். விரலைப் பார்ப்பார். நம்மைப் பார்ப்பார். ஒரு வார்த்தை பேச மாட்டார். நாம் ஓடிப்போய்த் துணி எடுத்து வர வேண்டும். நான் துடைத்த இடத்தில் அவர் விரல் ஒரு நாளும் அழுக்காகவில்லை. அவர் என்னைக் கூப்பிட்டுக் கண்டித்தது ஒரே விஷயத்துக்கு.

"பச்சையம்மா, நீ வர்றவங்கள ஊரு கேக்கறியாமே?"

"ஆமாங்கம்மா. எந்த ஊருன்னு கேட்டாத்தானே..."

"கேக்காதே. டிக்கெட்டக் கேளு. எந்த வண்டின்னு கேளு. அதோட நிறுத்திக்க. டிக்கெட் இல்லாதவங்கள உள்ள விடாதே. உனக்கு முன்னாடி இருந்தவ அதுலதான் வேலைய விட்டா."

எனக்குச் சுருக்கென்றது. ஊர் கேட்பது ஒரு குற்றமா என்று மனசுக்குள் பொருமினேன். ஆனாலும் சோதனைக் காலம். வாயை மூடிக்கொண்டேன். 'எந்த வண்டி, எந்த வண்டி' என்று கிளிப்பிள்ளை மாதிரி சொல்லிக்கொண்டிருந்தேன்.

சோதனை முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. ஒரு மத்தியானம் வெயிட்டிங் ரூமுக்கு வெளியே, சுவரோரம் ஒரு சின்னப் பெண் குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு துணி மூட்டை. குழந்தை அனத்திக்கொண்டே இருந்தது. டிக்கெட் இருந்தால் உள்ளே வந்திருப்பாள், இல்லை போலிருக்கிறது என்று நானும் பார்த்துக்கொண்டே இருந்தேன். மடிப்புக் கலையாத சட்டை போட்ட ஒரு ஆள் அவளைச் சுற்றிச் சுற்றி வந்தான். கடைசியில் குனிந்து, தேன் தடவின மாதிரி கேட்டான்.

"எந்த ஊரும்மா நீ? தனியாவா வந்த?"

அவள் குழந்தையை இறுக்கிக்கொண்டாள். நான் ஸ்டூலை விட்டு எழுந்தேன். என்னைப் பார்த்ததும் அவன் நகர்ந்துவிட்டான். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். இத்தனை மாதம் அடக்கி வைத்திருந்தது தானாகவே வாயில் வந்துவிட்டது.

"எந்த ஊரும்மா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அந்த ஆளை எப்படிப் பார்த்தாளோ அதே மாதிரி பார்த்தாள். என்னையும் அவனையும் ஒரே தட்டில் வைத்த பார்வை. விழுப்புரத்தில் எத்தனையோ பெண்கள் அந்தக் கேள்விக்குச் சிரித்திருக்கிறார்கள், அழுதிருக்கிறார்கள். ஒருத்தியும் பயந்ததில்லை.

"தஞ்சாவூரு" என்றாள்.

"தஞ்சாவூருக்காரி மாதிரி பேச்சு இல்லியே."

"தஞ்சாவூருதான். எங்க வூட்டுக்காரரு வந்துடுவாரு. நான் குந்திக்கினு இருக்கறது உங்களுக்கு இன்னா?"

குந்திக்கினு! தஞ்சாவூர்க்காரி உட்கார்ந்துகிட்டு என்றுதான் சொல்லுவாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நானும் உங்க பக்கந்தாம்மா, திண்டிவனம்" என்றேன்.

"அந்த ஆளுங்கூட அப்பிடித்தான் சொல்லுவான். எங்கம்மா சொல்லித்தான் அனுப்பிச்சுது. பட்டணத்துல எந்த ஊருன்னு கேக்கறவங்ககிட்ட வாயத் தொறக்காதன்னு."

அவள் சொன்னது நியாயம்தான். வாயால் சொன்னால் யாரும் சொல்லலாம். "சரி, நான் ஒண்ணும் கேக்கல. நீ என்னக் கேளு" என்றேன்.

 அவள் மூட்டைக்குள் கையை விட்டு எதையோ எடுத்து என் முகத்துக்கு நேராக நீட்டினாள். தோலோடு ஒரு கடலை.

"இது இன்னா?"

"மல்லாட்ட" என்றேன்.

அவ்வளவுதான். குழந்தையைத் தூக்கி என் மடியில் வைத்துவிட்டாள். மெட்ராஸில் யாரைக் கேட்டாலும் வேர்க்கடலை என்றுதான் சொல்வார்கள். ஒரு அயோக்கியன் எங்கள் பக்கத்திலிருந்தும் வந்திருக்கலாம், அவனும் மல்லாட்டை என்று சொல்லியிருப்பான். அதெல்லாம் அவளுக்குத் தோன்றவில்லை. எனக்கும் அதை எடுத்துச் சொல்ல அது நேரம் இல்லை. குழந்தையின் நெற்றியைத் தொட்டேன். அனலாகக் கொதித்தது. டிக்கெட் இல்லாத அவளைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனேன். என் நிரந்தர வேலை அப்போதே அந்த வாசல் வழியாக வெளியே போய்விட்டது என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

அவள் பெயர் அஞ்சலை. கிளியனூருக்குப் பக்கம். காலையில் பஸ்ஸில் வந்து பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தையைக் காட்டியிருக்கிறார்கள். மருந்து வாங்கும் இடத்தில் பெரிய வரிசை. குழந்தை வெயிலில் துவண்டு போகவே, "நீ ஸ்டேஷனுக்குப் போயி குந்து. நான் மருந்து வாங்கிக்கினு வந்துடறேன்" என்று புருஷன் சொல்லியிருக்கிறான். இவள் ரிக்‌ஷாக்காரரிடம், திண்டிவனம் வண்டி நிற்கிற ஸ்டேஷன் என்று கேட்டு எழும்பூர் வந்துவிட்டாள். அவன் இன்னும் வரவில்லை. மருந்தும் அவனிடம், மிச்சக் காசும் அவனிடம்.

"எந்த ஸ்டேஷன்னு சொன்னாரு?"

"ஸ்டேஷன்னா ஸ்டேஷன்தான்."

எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் ஊருக்கு ஒரு ஸ்டேஷன். விழுப்புரத்தில் ஸ்டேஷனுக்கு வா என்றால் கண்ணை மூடிக்கொண்டு வந்து சேரலாம். இங்கே ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிரிலேயே பெரிய சிவப்புக் கட்டடமாக இன்னொரு ஸ்டேஷன் நிற்கிறது. வெளியே வந்தவன் அதைத்தான் பார்த்திருப்பான். ரோட்டைத் தாண்டி சென்ட்ரலில் போய் உட்கார்ந்து, அவனும் இவளைத் தேடிக்கொண்டிருப்பான்.

அந்த நேரத்தில் எஸ்தர் அம்மா உள்ளே வந்தார். விரல் ஜன்னல் பக்கம் போகவில்லை. நேராக அஞ்சலையிடம் வந்தார்.

"டிக்கெட்?"

அஞ்சலை என்னைப் பார்த்தாள். "டிக்கெட் இல்லீங்கம்மா. நாந்தான் உள்ள வுட்டேன்" என்றேன்.

"ஊரு கேட்டியா?"

"கேட்டேங்கம்மா."

நடந்ததைச் சொன்னேன். எஸ்தர் அம்மா குழந்தையின் கழுத்தில் கையை வைத்துப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். "சாயங்கால வண்டிக்கு நேரம் இருக்கு. சென்ட்ரலுக்கு போன் பண்ணி மைக்குல கூப்பிடச் சொல்லலாம். இவ புருஷன் பேரென்ன?"

அஞ்சலை வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பேரு சொல்லும்மா!"

"அவங்க பேர நான் எப்பிடிங்க சொல்றது?"

"புள்ளைக்கு இந்த நெலமையில..." எஸ்தர் அம்மாவின் குரல் ஏறியது. அஞ்சலை சுற்றுமுற்றும் பார்த்தாள். வாசலில் இருந்த குரோட்டன்ஸ் தொட்டிக்கு ஓடினாள். அதிலிருந்து காய்ந்த மண்ணை ஒரு உருண்டையாகப் பெயர்த்துக் கொண்டுவந்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

"மண்ணாங்கட்டிங்கம்மா" என்றேன் நான்.

"என்ன சொன்ன?" எஸ்தர் அம்மாவின் முகம் சிவந்துவிட்டது.

"ஐயோ, உங்களச் சொல்லலீங்கம்மா! அந்த ஆளு பேரே மண்ணாங்கட்டி. முன்ன பொறந்த புள்ளைங்க தக்கலன்னா எங்க பக்கம் அப்பிடித்தான் பேரு வெப்பாங்க. எங்க தெருவுலயே ரெண்டு மண்ணாங்கட்டி இருக்காங்க."

எஸ்தர் அம்மா என்னை ஒரு நிமிஷம் முறைத்துவிட்டு ஆபீஸுக்கு நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். போனை எடுத்து, "ஒரு ஆள மைக்குல கூப்பிடணும். பேரு மண்ணாங்கட்டி" என்றார். அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள். மறுபடி எடுத்தார். "நான் எழும்பூர் எஸ்தர் பேசறேன். என்னைக்காவது நான் உங்ககிட்ட வெளையாடினது உண்டா? எம்-ஏ-என்... ஆமா, மண்ணாங்கட்டிதான். சிரிக்காம கூப்பிடுங்க. பொண்டாட்டியும் புள்ளையும் எழும்பூர்ல இருக்காங்கன்னு சொல்லுங்க."

அவன் வந்து சேர்ந்தபோது அஞ்சலை முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். நல்ல உயரமான ஆள். மருந்து சீசாவை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். "மைக்குல எம் பேரச் சொன்னதும் அம்மாம் பெரிய ஸ்டேஷனே சிரிச்சுதுங்க. நான் ஒருத்தன்தான் எழுந்து ஓடியாந்தேன்" என்றான். குழந்தைக்கு ஒரு வேளை மருந்தை அங்கேயே ஊற்றினோம். அவன் டிக்கெட் வாங்கி வந்தான். நான் பிளாட்பாரம் வரை போய் ஏற்றிவிட்டு வந்தேன்.

எஸ்தர் அம்மா அதைப் பற்றி என்னிடம் ஒன்றும் பேசவில்லை. புகார் எழுதுவார் என்று காத்திருந்தேன். எழுதவில்லை. நான் ஊர் கேட்டது சரி என்று ஒத்துக்கொண்டுவிட்டார் என்று நினைத்துக் கொஞ்சம் மிதப்பாகவே இருந்தேன். இரண்டு மூன்று நாள் கழித்து என்னைக் கூப்பிட்டு, தூணுக்குப் பின்னால் நிற்கச் சொன்னார்.

"பேசாம கேளு" என்றார்.

அதே மடிப்புச் சட்டைக்காரன். தகரப் பெட்டியோடு நின்ற வேறு ஒரு பெண்ணிடம் பேசிக்கொண்டிருந்தான். "பயப்படாதம்மா. எந்த ஊருன்னு சொல்லு. அதோ அந்த வெயிட்டிங் ரூம் ஆயாகூட ஊரு கேட்டுட்டுத்தான் உள்ள விடும். நீ வேணா கேட்டுப் பாரு. நல்ல ஆளுங்கதான் ஊரு கேப்பாங்க."

எஸ்தர் அம்மா முன்னமே போலீஸ்காரரிடம் சொல்லி வைத்திருந்தார். அவர் வந்து அவன் சட்டையைப் பிடித்தார். அந்தப் பெண்ணை எஸ்தர் அம்மாவே போய் அழைத்து வந்தார். "எந்த வண்டிம்மா?" என்று மட்டும் கேட்டார்.

தப்பு என் கேள்வியில் இல்லை. அன்றும் சொல்வேன், இன்றும் சொல்வேன். அஞ்சலையிடம் கேட்டிராவிட்டால் அந்தக் குழந்தை என்ன ஆகியிருக்கும்? ஆனால் விழுப்புரத்தில் நான் கேட்டால் அது பச்சையம்மாள் கேட்டது. கேட்டவள் யார், எந்தத் தெரு, யார் மகள் என்று ஊருக்கே தெரியும். மெட்ராஸில் கேள்வி என் வாயை விட்டுப் போனதும் அது யாருடையதும் இல்லை. எவன் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அந்த ஊருக்கு எஸ்தர் அம்மாவின் சட்டம்தான் சரி. அதை எனக்கு அவர் வாயால் சொல்லவில்லை, தூணுக்குப் பின்னால் நிறுத்திக் காட்டினார். அந்த மாதிரி மேலதிகாரியை நான் பிறகு பார்க்கவில்லை.

சோதனைக் காலம் முடிந்த அன்று கூப்பிட்டார். மேஜையில் இரண்டு காகிதம் இருந்தது.

"உனக்கு நிரந்தரம்னு எழுதிட்டேன். இன்னொண்ணு என்ன? விழுப்புரத்துக்கே போறேன்னு மனு குடுத்திருக்கியாமே? அங்க எப்ப நிரந்தரம் ஆகும்னு தெரியாது. பைத்தியமா உனக்கு?"

"தெரியுங்கம்மா. இங்க வாய மூடிக்கினு வேல பாக்கணும். உங்க ரூலு தப்புன்னு சொல்லல. எனக்கு வாய்தான் வேலையே."

அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். பேனா மூடியைக் கழற்றினார், மறுபடி மாட்டினார்.

"நான் ரிட்டயர் ஆகப் போறேன் பச்சையம்மா. எனக்கு யாரும் கெடையாது. உங்க ஊர்ல ஒரு பொம்பள தனியா வீடெடுத்து இருக்க முடியுமா?"

"தாராளமா இருக்கலாங்கம்மா. வாடக வூடு கெடைக்கும். மார்க்கெட்டு, ஆஸ்பத்திரி, ஸ்டேஷன் எல்லாம் நடந்தே போயிடலாம். ஆனா நீங்க சாமான எறக்கி முடிக்கறதுக்குள்ள தெருவே வந்து கேக்கும். எந்த ஊரு, ஏன் தனியா, கண்ணாலம் ஏன் கட்டல..."

"நான் பதில் சொல்லலன்னா?"

"அவங்களே ஒரு பதில சொல்லிக்குவாங்கம்மா."

மறுபடி சிரித்தார். நான் விடவில்லை. "ஆனா ரெண்டு நாளு உங்க கதவு தொறக்கலன்னு வெச்சுக்குங்க. ஒடச்சிக்கினு உள்ள வந்துடுவாங்க. கேள்வி கேக்கறதும் கதவ ஒடைக்கறதும் ஒரே ஆளுங்கதான். ஒண்ணு வேணும், ஒண்ணு வேணாம்னா அந்த ஊரு சரிப்படாது."

எஸ்தர் அம்மா ஜன்னல் வழியாகப் பிளாட்பாரத்தைப் பார்த்தார். ஒரு வண்டி வந்து நின்று, ஆயிரம் பேர் இறங்கி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் போனார்கள்.

"இங்க வாடை வந்த பெறகுதான் கதவ ஒடைப்பாங்க" என்றார்.

பிறகு என் மனுவை இழுத்து, கையெழுத்துப் போட்டு, மை காயும் வரை ஊதிக்கொண்டிருந்தார்.